மருந்து பாம்புக்கா, பெட்டிக்கா?

வளர்ப்புப் பாம்பு ஒன்று நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தால், தோலுரிக்கும் காலமும் நெருங்கவில்லை, பெட்டியில் சூடும் மிகவில்லை என்றால், கிண்ணத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையைவிடச் சிறிய கரும்புள்ளிகள் அங்கே மூழ்கிக் கிடந்தால் காரணம் தெரிந்துவிடும். கண்ணைச் சுற்றியுள்ள பள்ளத்திலும், தாடைக்கு அடியில் ஓடும் மடிப்பிலும், வயிற்றுச் செதில்களின் ஓரங்களிலும் அதே புள்ளிகள் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கும். இது பாம்புச் சிற்றுண்ணி. பிரெஞ்சு விலங்கியலாளர் பால் ஷெர்வே 1844இல் விவரித்த இந்த உயிரின் அறிவியல் பெயர் ஒஃபியோனிஸ்ஸஸ் நாட்ரிசிஸ். இதைக் கண்டதும் வளர்ப்பவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பாம்பின் மேல் எதைப் பூசலாம், எதைத் தெளிக்கலாம் என்று தேடுவது. அந்தத் தேடல் தொடங்கும் இடமே தவறு. சிற்றுண்ணி பாம்பின் நோய் என்பதைவிட, பாம்பு அடைபட்டிருக்கும் பெட்டியின் நோய் என்பதே பொருந்தும். பாம்பின் உடலில் தெரிவது அந்த நோயின் ஒரு பகுதி மட்டுமே. அதையே முழு நோயாக எண்ணிப் போடப்படும் எந்த மருந்தும், எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் தோற்றுவிடுகிறது.

இதற்கான சான்று சிற்றுண்ணியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கேமின். அவருடைய ஆய்வைச் சிகாகோ அறிவியல் அகாடமி 1953இல் வெளியிட்டது. இன்றும் இந்த உயிரைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போவதில்லை. முட்டை, ஆறுகால் குஞ்சு, முதல் நிலை நிம்ஃப், இரண்டாம் நிலை நிம்ஃப், முதிர்ந்தது என்று ஐந்து கட்டங்கள். இந்த ஐந்தில் இரத்தம் குடிப்பவை இரண்டே: முதல் நிலை நிம்ஃபும் முதிர்ந்ததும். முட்டைக்குப் பாம்பு தேவையில்லை. அதிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சு எதையும் உண்ணாமல் ஓரிரு நாளில் தோலுரித்து எட்டுக்கால் நிம்ஃபாகிறது. அந்த முதல் நிலை நிம்ஃப்தான் முதன்முறையாகப் பாம்பைத் தேடி ஏறுகிறது. வயிறு நிறைந்ததும் இறங்கி ஒளிந்து இரண்டாம் நிலைக்குப் போகிறது. இரண்டாம் நிலை நிம்ஃபும் உண்பதில்லை. ஏறக்குறைய ஒரு நாளில் அது முதிர்ந்து மறுபடி பாம்பைத் தேடுகிறது. முதிர்ந்த பெண் இரத்தம் குடித்து வீங்கியபின் பாம்பிலேயே தங்கிவிடுவதில்லை. அது கீழே இறங்கி, வெளிச்சத்தை விலக்கி, பெரும்பாலும் மேல்நோக்கி ஊர்ந்து, உடல் இருபுறமும் உரசும்படியான இடுக்கைத் தேடிப் போய் முட்டையிடுகிறது. பெட்டியின் மூடி பொருந்தும் விளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போன இடம், மரக்கட்டையின் வெடிப்பு, விளக்கைப் பொருத்திய திருகின் அடி என எல்லாமே அதற்கு மகப்பேற்று அறைதான். மூட்டைப்பூச்சி கடித்தவனுக்கு மருந்து பூசிவிட்டு அவனைப் பழைய கட்டிலிலேயே படுக்க வைப்பவர் யாருமில்லை. பாம்பு விஷயத்தில் மட்டும் கட்டிலை மறந்துவிடுகிறோம்.

கால அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பொரிக்க ஒன்று முதல் நான்கு நாள் ஆகிறது. முட்டையிலிருந்து முதிர்ந்த நிலைவரை 13 முதல் 19 நாள். ஒரு பெண் தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 முட்டையில் பாதி வீணாகிறது, பிழைத்த முப்பதில் பாதி ஆண் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 15 பெண்கள். அதாவது தலைமுறைக்குப் பதினைந்து மடங்கு. ஒரு பெட்டியில் ஆயிரம் பெண் சிற்றுண்ணிகள் இருக்கின்றன, மருந்து நூற்றுக்குத் தொண்ணூறைக் கொன்றுவிடுகிறது, மிச்சம் 100. அடுத்த தலைமுறையில் அவை 1500. இது ஊகக் கணக்குதான், உண்மையான பெட்டியில் எண்கள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. தொண்ணூறு விழுக்காட்டைக் கொல்லும் மருந்து வாங்கித் தருவது வெற்றியையல்ல, ஒரு தலைமுறைக்கும் குறைவான அவகாசத்தை. பாம்பின் மேல் மட்டும் தெளித்த மருந்து அந்தத் தொண்ணூறைக்கூட எட்டாது, ஏனென்றால் எந்த ஒரு நேரத்திலும் கூட்டத்தின் பெரும்பகுதி பாம்பின் மேல் இல்லை. இதற்கு மேல் இனப்பெருக்கத்தில் ஒரு தந்திரமும் உண்டு. ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து வருபவை எல்லாம் ஆண்கள். அந்த ஆண்களோடு தாயே சேர்ந்து பிறகு பெண்களைப் பெறலாம். ஆகவே ஒரு பெட்டியில் ஒரே ஒரு பெண் தப்பினாலும் கூட்டம் மறுபடி எழ வழியிருக்கிறது.

காட்டுப் பாம்புகள் இதனால் அழிந்துபோகவில்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி, விடையும் நம் வாதத்துக்கு உள்ளேயே இருக்கிறது. காட்டுப் பாம்பின் மேலும் சிற்றுண்ணி உண்டு, ஆனால் கூட்டமாகப் பெருகியிருப்பது அரிது. வளையில் படுத்திருந்த பாம்பு இரவில் கிளம்பி வேறொரு வளைக்குப் போய்விடுகிறது. முட்டையிட இறங்கிய பெண் பழைய வளையில் நின்றுவிடுகிறது. அதன் குஞ்சுகள் வளர்ந்து பசியோடு தேடும்போது பாம்பு அங்கே இல்லை. இறங்குவதும் மறுபடி ஏறுவதும் இந்த உயிரின் வாழ்வில் மிகப் பெரிய சூதாட்டம், அதில் பெரும்பாலானவை தோற்கின்றன. இத்தனை முட்டை இடுவதன் காரணமும் அந்த இழப்பை ஈடுகட்டுவதுதான். மூன்றடிப் பெட்டி அந்தச் சூதாட்டத்தை ஒழித்துவிடுகிறது. இறங்கியது எந்த மூலைக்குப் போனாலும் பாம்பு சில சாண் தொலைவில்தான் இருக்கிறது. பாம்பின் நலத்துக்காக நாம் வைத்திருக்கும் வெப்பமும் ஈரமும் சிற்றுண்ணியின் முட்டைக்கும் ஏற்றவை. அடிவிரிப்பாக இட்ட தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்து, ஒளிய ஆயிரம் துளைகளும் தருகிறது. காட்டில் இழப்பை ஈடுகட்டப் பரிணாமம் கொடுத்த கருவளம், இழப்பே இல்லாத இடத்தில் வெறும் பெருக்கமாகிவிடுகிறது.

இனி, பாம்பை நேரடியாகக் குணப்படுத்த முயன்ற வழிகள் ஏன் சறுக்கின என்று பார்ப்போம். எளியது குளியல். சிற்றுண்ணி உடலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளால் மூச்சுவிடுகிறது. நீரில் அமிழ்ந்தால் நேரமானாலும் மூச்சடைத்துச் சாகும். பாம்பு தானாகவே கிண்ணத்தில் போய்ப் படுப்பதும் அதனால்தான். ஆனால் பாம்பின் தலை நீருக்கு மேலேதான் இருக்கும், இருந்தாக வேண்டும். கண் பள்ளத்திலும் தாடை மடிப்பிலும் இருப்பவை நனைவதில்லை. எண்ணெய் பூசினால் அந்தத் துளைகள் அடைபடும் என்பது உண்மை, ஆனால் அதுவும் அன்றைக்குப் பாம்பின் மேல் இருந்தவற்றுக்கு மட்டும்தான். சிற்றுண்ணியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி அதை வறளவைத்துக் கொல்லும் சிலிக்கா தூள்கள் ஒரு காலத்தில் விலங்கியல் பூங்காக்களில் பேர் பெற்றிருந்தன. நச்சில்லாதவை என்ற நற்பெயர் அவற்றுக்கு உண்டு. ஆனால் நுண்தூள் பறக்கும் பெட்டிக்குள் மூச்சுவிட வேண்டியது பாம்பும்தான். டைகுளோர்வாஸ் ஊறிய பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிடும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. நம் ஊரில் நுவான் என்ற பெயரில் பூச்சிமருந்துக் கடைகளில் விற்ற அதே வேதிப்பொருள்தான். இந்திய அரசின் 2018 ஆணைப்படி அதன் பயன்பாடு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அது ஆவியாகிப் பெட்டியின் இடுக்குக்குள்ளும் போகும் என்பதே அதன் சிறப்பு. பெட்டியைத் தாக்க வேண்டும் என்ற சரியான எண்ணம் அதில் மறைந்திருந்தது. ஆனால் அது நரம்புகளில் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கும் வகை நஞ்சு. அந்த நொதி சிற்றுண்ணிக்கு மட்டும் சொந்தமல்ல. பாம்பு நடுங்குவதும், புரட்டிப்போட்டால் நிமிர முடியாமல் கிடப்பதும் அந்த நஞ்சின் குறிகள்.

ஐவர்மெக்டின் கதை இதைவிடப் படிப்பினை நிறைந்தது. சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு தேடித்தந்த கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்து அது. முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்பிலும் தசையிலும் உள்ள சில குளோரைடு வாய்க்கால்களைத் திறந்தே வைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பாலூட்டிகளில் மூளைக்குள் மருந்து நுழையாமல் ஒரு தடுப்பு காக்கிறது. அந்த நம்பிக்கையில் ஊர்வனவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பல பாம்புகள் தாங்கின. ஆமைகள் தாங்கவில்லை. ஆமைகளில் அது தசைச் செயலிழப்பையும் சாவையும் உண்டாக்குகிறது என்பது 1983இலேயே கால்நடை மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. ஊர்வன என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் கூட்டத்துக்குள், ஓர் இனத்துக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. பாம்புக்குத் தெளித்த கையோடு பக்கத்துப் பெட்டியின் ஆமையைத் தூக்கும் வீடுகளை நினைத்தால், இந்த மருந்தை மருத்துவர் எடைபோட்டு அளந்து கொடுக்காமல் யாரும் தொடக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அப்படியானால் பெட்டியைக் குணப்படுத்துவது எப்படி? பாம்பை வேறொரு எளிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதில் வெள்ளைத் தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, அவ்வளவு போதும். வெள்ளைத் தாளின் மேல் கரும்புள்ளி நகர்வது உடனே தெரியும். அதுவே பாதி மருத்துவம். தாளையும் அட்டையையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து, பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டால், முட்டையிட இறங்கியவை அவற்றோடு போகும். பொரித்தவை முதிர்ந்து மறுபடி முட்டையிடும் முன் மாற்றிவிடுவதுதான் இதன் சூட்சுமம். பழைய பெட்டியின் நார்த்தூள், மரப்பட்டை, வேர்க்கட்டை யாவும் குப்பைக்கு. விலை கொடுத்து வாங்கிய அழகான கட்டை என்று எடுத்து வைத்தால், அதன் வெடிப்பில் அடுத்த தலைமுறையையும் சேர்த்து எடுத்து வைத்ததாகும். பெட்டியின் மூலைகளையும் இணைப்புகளையும் 60 பாகை தாண்டிய வெந்நீரால் கழுவலாம். மரத்தாலான பெட்டியைவிட ஒட்டுப்போடாத பிளாஸ்டிக் பெட்டி ஏன் மேல் என்பது இங்கே புரியும். பெட்டி இருந்த அலமாரி, அதன் பின்சுவர், பக்கத்துப் பெட்டிகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை, சிற்றுண்ணி மூடிக்கு வெளியேயும் நடந்து போகும். பூச்சிமருந்து தேவைப்பட்டால், ஊர்வனவற்றின் பெட்டிக்கென்றே தயாரித்த பெர்மெத்ரின் தெளிப்பு சில நாடுகளில் கிடைக்கிறது. அதைப் பாம்பு இல்லாத வெற்றுப் பெட்டியில் தெளித்து, முற்றிலும் உலர்ந்து காற்றோடிய பிறகே பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் உள்ளே வைக்க வேண்டும். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு என்பதை அந்த வீட்டார் மறக்கக்கூடாது.

பெட்டியை வறளவிட்டால் முட்டைகள் சுருங்கிப் போகுமே, இத்தனை பாடு எதற்கு என்பார்கள் சிலர். வறட்சி முட்டைக்குக் கெடுதல்தான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலிருந்து வந்த பந்து மலைப்பாம்புக்கு ஈரம் குறைந்தால் தோல் முழுதாக உரியாது. கண்மேல் பழைய தோல் தங்கிவிடும். அந்த உரியாத மடிப்புகளே சிற்றுண்ணிக்குப் புது ஒளிவிடம். தாள் விரித்த பெட்டியில் சில வாரம் காற்றோட்டத்தைக் கூட்டலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது. இத்தனை வெறுமையான பெட்டியில் பாம்பை வைப்பது கொடுமையில்லையா என்ற கேள்வியும் நியாயமானதே. ஒளிய இடம் இல்லாத பாம்பு இரை எடுக்காது, ஆகவே அட்டைப்பெட்டி சலுகையல்ல, சிகிச்சையின் ஓர் உறுப்பு. வெறுமை சில வாரத்துக்குத்தான். சிற்றுண்ணியோ நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தில் வந்தது.

கடுமையான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாய்களின் உண்ணிக்காக வந்த ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் விலங்கின் இரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குகின்றன. கடிக்கும் எதுவும் இரத்தத்தோடு நஞ்சையும் குடிக்கிறது. 2020இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று, பர்மிய மலைப்பாம்புகள் இரண்டுக்கு இந்த வகையைச் சேர்ந்த அஃபாக்சோலேனரை வாய்வழியே கொடுத்துச் சிற்றுண்ணியை ஒழித்ததைச் சொல்கிறது. இது பலித்தால் பாம்பின் உடலே பொறியாகிவிடும். இடுக்கில் ஒளிந்த நிம்ஃபும் என்றாவது ஒருநாள் ஏறிக் கடித்தாக வேண்டுமல்லவா? வாதம் வலுவானது, நாளை இதுவே வழக்கமாகவும் ஆகலாம். ஆனால் அது நம் கூற்றை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. மருந்து இரத்தத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்பதே இங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும், அந்த நாள்கள் பெட்டியில் ஒளிந்திருப்பவை பட்டினி தாங்கும் நாள்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். பசித்த முதல் நிலை நிம்ஃப் இரண்டு மூன்று வாரம், ஈரம் ஏற்றதாக இருந்தால் அதற்கு மேலும் இரையின்றி உயிரோடிருக்கும். ஆக, பெட்டியின் காலக்கணக்கை விட்டுவிட்டு இந்த மருந்தையும் மதிப்பிட முடியாது. அதோடு, இரண்டு பெரிய மலைப்பாம்புகள் தாங்கியதை வைத்து ஐம்பது கிராம் சோளப்பாம்புக் குஞ்சு தாங்கும் என்று சொல்லும் துணிவு ஆமைகளின் கதையைப் படித்த எவருக்கும் வரக்கூடாது.

இன்னொரு திசையிலிருந்து வரும் பதில் எனக்கு அதிகம் பிடித்தது. சிற்றுண்ணியைத் தின்னும் சிற்றுண்ணிகளைப் பெட்டிக்குள் விடுவது. தானியக் கிடங்குகளில் வேறு சிற்றுண்ணிகளை வேட்டையாடும் செய்லீட்டஸ் எரூடிட்டஸ் என்ற இனத்தைப் பாம்புச் சிற்றுண்ணியின் மேல் ஏவிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2013இல் வந்தது, எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பசுமைக் குடில்களில் மண்ணிலுள்ள பூச்சிக் குஞ்சுகளை ஒழிக்கப் பயன்படும் ஸ்ட்ராட்டியோலேலப்ஸ் இனத்தையும் விலங்கியல் பூங்காக்காரர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். இவை போகும் இடம் அடிவிரிப்பும் இடுக்கும், அதாவது மருந்து எட்டாத அதே இடம். செடியும் மண்ணும் வைத்து வளர்க்கும் பெட்டியைக் காலி செய்ய முடியாதவருக்கு இது நல்ல துணை. குறையும் உண்டு. வேட்டைக்காரன் இரையைக் கடைசி ஒன்றுவரை ஒழிப்பதில்லை, இரை அரிதானால் அவனே முதலில் சாகிறான். பூச்சிமருந்து தெளித்த பெட்டியில் அவனை விட்டால் அவன்தான் முதல் பலி.

நாலைந்து சிற்றுண்ணியால் என்ன கெட்டுவிடும் என்பவருக்கு மட்டும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலைந்து என்பது அடுத்த மாதத்தின் நூறுகள் என்பதை மேலே கணக்கிட்டோம். நூறுகளானால் சிறு பாம்பு இரத்தச் சோகையால் சாகும். அதற்கும் முன்பே, பாம்புகளில் இரத்தத்தை நஞ்சாக்கும் ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியாவைச் சிற்றுண்ணி ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதை அதே கேமின் 1948இல் எழுதினார். போவா, மலைப்பாம்பு இனங்களை வாட்டும் உட்பொருள் நோய்க்குக் காரணமான அரீனா வகை வைரஸ்கள் 2012இல் இனங்காணப்பட்ட பிறகு, அவற்றைப் பரப்புவதிலும் சிற்றுண்ணிமேல் சந்தேகம் விழுந்தது, அந்தச் சந்தேகம் இன்னும் முற்றாகத் தீரவில்லை. பாம்பைக் கையாளும் மனிதரின் மணிக்கட்டிலும் இது கடித்துத் தடிப்பை உண்டாக்கியதற்குப் பதிவுகள் உள்ளன.

இந்தியாவில் உள்நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வளர்க்கப்படுபவை வெளிநாட்டு இனங்கள், பந்து மலைப்பாம்பு போன்ற, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை 2022 திருத்தத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். பலர் கைமாறி, பல பெட்டி மாறி வரும் விலங்குகள் இவை, ஒவ்வொரு மாற்றத்திலும் சிற்றுண்ணியும் கூட வரலாம். ஆகவே புதிய பாம்பு பழைய பாம்புகள் இருக்கும் அறைக்குள் முதல் நாளே வரக்கூடாது. எத்தனை நாள் தனியே வைப்பது என்பதற்கும், சிகிச்சை முடிந்துவிட்டது என்று எப்போது சொல்வது என்பதற்கும் ஒரே கணக்குதான். இரையின்றி ஒளிந்திருக்கும் நிம்ஃப் தாக்குப்பிடிக்கும் ஏறத்தாழ ஒரு மாதம், அது கடைசி நாளில் பாம்பைப் பிடித்துவிட்டால் அதன் சந்ததி கண்ணில் தெரிய மேலும் இரண்டு மூன்று வாரம். கடைசிப் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து ஏழு வாரம் தாளும் கிண்ணமும் வெறுமையாக இருந்தால் பழைய பெட்டிக்கு மாற்றலாம். ஆறாவது வாரத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் எண்ணிக்கை அன்றிலிருந்து மறுபடி ஒன்று.